வைரமணி தியேட்டரை இடிக்கும் வாரம்: கம்பத்திலும் குமுளியிலும் இரண்டு நாள்

ஜூலை கடைசியில் ஒரு சனி, ஞாயிறு கம்பம் போய் வந்தேன். அந்தப் பக்கம் போகிறவர்கள் வழக்கமாகச் சுருளி அருவிக்கோ, திராட்சைத் தோட்டம் பார்க்கவோ, அப்படியே தேக்கடிக்கோ போவார்கள். நான் போனது ஒரு சினிமா தியேட்டரைப் பார்க்க. அதுவும் ஓடுகிற தியேட்டர் இல்லை, இடித்துக்கொண்டிருக்கிற தியேட்டர்.

இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து படிப்பவர்களுக்குத் தெரியும், ஊர் ஊராகப் போய்ப் பழைய ஒற்றைத் திரை அரங்குகளைப் பார்த்து எழுதுவது என் வழக்கம். போன மாதம் திண்டுக்கல் பற்றி எழுதியபோது சின்னமனூர் வாசகர் ஒருவர் பின்னூட்டத்தில், "கம்பம் வைரமணியை இடிக்க ஆரம்பித்துவிட்டார்கள், பார்ப்பதென்றால் இந்த மாதமே வாருங்கள்" என்று எழுதியிருந்தார். வைரமணியைப் பற்றி முன்பே கேள்விப்பட்டிருக்கிறேன். மதுரைக்கு மேற்கே அவ்வளவு பெரிய தியேட்டர் அப்போது கிடையாது என்று சொல்பவர்கள் உண்டு. சரிபார்க்க வழியில்லை. எல்லா ஊரிலும் ஒரு தியேட்டரைப் பற்றி இப்படிச் சொல்வார்கள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் திருச்சியிலிருந்து கிளம்பி மதுரையில் தங்கிவிட்டு, சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு ஆரப்பாளையத்தில் தேனி பேருந்து ஏறினேன். ஏறக்குறைய எழுபத்தைந்து கிலோமீட்டர், இரண்டு மணி நேரம். ஆண்டிபட்டிக் கணவாய் தாண்டியதும் காற்று மாறிவிடுகிறது, சன்னலைச் சாத்தச் சொல்லிப் பின்சீட்டிலிருந்து குரல் வரும். தேனியில் இறங்கி இட்லியும் காபியும் முடித்துக்கொண்டு கம்பம் பேருந்து. நாற்பது கிலோமீட்டர் இருக்கும், டிக்கெட் நாற்பது ரூபாய்க்குள்தான். பழனிசெட்டிபட்டி வரை கடைகளும் வீடுகளும் தேனியின் தொடர்ச்சியாகவே வருகின்றன. வீரபாண்டி தாண்டினால்தான் வயல். முதல் போகத்துக்குத் தண்ணீர் விட்டு நடவு முடிந்திருந்தது. எந்தப் பக்கம் உட்காருவது என்று என்னைக் கேட்காதீர்கள், இந்தச் சாலையில் இரண்டு பக்கமும் மலைதான்.

உத்தமபாளையத்துக்கு அப்புறம் அனுமந்தன்பட்டியில் பேருந்து கொஞ்ச நேரம் நின்றது. வாழைத்தார் ஏற்றிய லாரி ஒன்று திரும்ப முடியாமல் சாலையை அடைத்திருந்தது. பத்து மணி சுமாருக்குக் கம்பம். பேருந்து நிலையத்துக்கு எதிரே ஒரு விடுதியில் தொள்ளாயிரம் ரூபாய்க்கு அறை. சுத்தமாக இருந்தது. வெந்நீர் காலையில் மட்டும்.

ஆட்டோக்காரரிடம் வைரமணி தியேட்டர் என்றதும் ஒருமுறை திரும்பிப் பார்த்தார்.

"படம் ஓடலையேக்கா அங்கன. இடிக்கிறாகளே."

அதைப் பார்க்கத்தான் வந்தேன் என்றேன். இரும்பு வாங்க வந்திருக்கிறேனா என்று கேட்டார். பழைய கம்பி, தகரம் வாங்குகிறவர்கள்தான் அந்த வாரம் முழுக்க வந்துபோய்க்கொண்டிருந்தார்களாம். இல்லை, எழுதுவதற்கு என்றேன். "அப்பன்னா அம்மாவப் பாருங்க. முதலாளியம்மா தினமும் வந்து உக்காந்திருப்பாக" என்று சொல்லி வாசலிலேயே இறக்கிவிட்டார்.

கூடலூர் போகும் சாலையில், ஊர் முடிகிற இடத்தில் தியேட்டர். நான் போனபோது கூரை முழுவதும் கழற்றியாகிவிட்டது. இரண்டு பக்கச் சுவர்களில் ஒன்று இல்லை. முகப்பும், உள்ளே கடைசியில் திரை இருந்த பெரிய சுவரும் மட்டும் முழுதாக நின்றன. முகப்பின் உச்சியில் பட்டை தீட்டிய வைரம் மாதிரி ஒரு சிமெண்டு வேலைப்பாடு, அதற்குக் கீழே பெயர்ப் பலகை. பெண்கள் டிக்கெட் வாங்க வரிசையில் நிற்கும் குறுகலான நடை அப்படியே இருந்தது. தோளுக்கு மேல் சுவர், ஓர் ஆள் மட்டுமே போகலாம், நடுவில் திரும்பி வர முடியாது. இந்த நடையில் நின்று டிக்கெட் வாங்கிய எந்தப் பெண்ணுக்கும் அதன் வியர்வை நாற்றம் மறக்காது. நான் எங்கள் ஊர் தியேட்டரைச் சொல்கிறேன், எல்லாம் ஒரே அளவுதான்.

முதலாளி அம்மாவின் பெயர் சுந்தரவல்லி. அறுபத்தைந்துக்கு மேல் இருக்கும். கார் நிறுத்தும் கொட்டகை நிழலில் தியேட்டர் நாற்காலி ஒன்றைப் போட்டு உட்கார்ந்திருந்தார். இன்னொரு நாற்காலியைக் காட்டி என்னை உட்காரச் சொன்னார். வேலை பார்ப்பவர்களைக் கண்காணிக்கிறீர்களா என்றேன். அதெல்லாம் வாங்கியவர்களின் வேலை என்றார். இடத்தை ஜவுளிக்கடைக்காரர்கள் வாங்கியிருக்கிறார்கள். இவருடைய வீடு தியேட்டருக்குப் பின்னாலேயே, அது மட்டும் விற்பனையில் சேராதது. வீட்டுக்குள் இருந்தால் இடிக்கிற சத்தம் அதிர்கிறது, வெளியே உட்கார்ந்தால் வெறும் சத்தமாக இருக்கிறது, அதனால் இங்கே வந்துவிடுகிறேன் என்றார்.

தியேட்டரைக் கட்டியவர் இவருடைய அப்பா. சுருளிப்பட்டியில் திராட்சைத் தோட்டமும், கம்பத்தில் ஏலக்காய் வியாபாரமும் இருந்தவர். ஏலக்காய் விஷயமாக மதுரை போகும்போதெல்லாம் படம் பார்ப்பார். ஒருமுறை புதுப்படத்துக்கு டிக்கெட் கிடைக்காமல் திரும்பி வந்தவர், படம் பார்க்க இனிமேல் இந்தப் பள்ளத்தாக்கிலிருந்து ஒருத்தனும் மதுரைக்குப் பேருந்து ஏறக் கூடாது என்று சொல்லி, அடுத்த மாதமே இந்த இடத்தைக் கிரயம் பண்ணினாராம். ஊர் அப்போது இவ்வளவு தூரம் வளர்ந்திருக்கவில்லை. சோளக்கொல்லைக்கு நடுவில் ஆயிரம் பேர் உட்காரும் தியேட்டரா என்று சொந்தக்காரர்களே கேலி செய்திருக்கிறார்கள்.

கேலி பொய்யானதற்குக் காரணம் மலை. கம்பத்துக்கு மேற்கே மலை ஏறினால் கேரளத்தின் ஏலத்தோட்டங்கள். தோட்ட வேலைக்குப் போகிறவர்களில் பெரும்பாலோர் இந்தப் பக்கத்துத் தமிழர்கள், நிறையப் பேர் மேலேயே குடியிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை ஜீப் ஜீப்பாகக் கீழே இறங்கிச் சாமான் வாங்கிவிட்டு நேராக வைரமணிக்கு வருவார்கள். கூடவே மலையாளிகளும் வருவார்கள். குமுளியில் அன்றைக்குச் சொல்லிக்கொள்ளும்படி தியேட்டர் இல்லை. ஞாயிறு மதியக் காட்சியை மட்டும் வைரமணியில் அரை மணி நேரம் முன்னாலேயே தொடங்குவார்களாம், மலையில் மூடுபனி இறங்குவதற்குள் ஜீப்புகள் ஏறிவிட வேண்டும் என்பதற்காக. கேன்டீன் டீயில் ஏலக்காய் தாராளமாக இருக்கும், முதலாளி வியாபாரி ஆயிற்றே. காலைக் காட்சி முழுக்க மலையாளப் படம். பெயர்ப் பலகையில் தமிழிலும் மலையாளத்திலும் எழுதியிருந்த தியேட்டர் இந்த வட்டாரத்திலேயே இது ஒன்றுதான்.

மலையாளப் படங்களைத் தேர்ந்தெடுத்து வரவழைக்க மேனேஜர் ஒருவர் இருந்தார். பெயர் தாமஸ், குமுளிக்காரர். இளம் வயதில் வேலைக்குச் சேர்ந்து, கல்யாணம் முடித்து, மனைவி மகளோடு தியேட்டர் வளாகத்திலேயே சின்ன வீட்டில் இருந்தவர். சுந்தரவல்லியின் அப்பா படுத்த படுக்கையான பிறகு தியேட்டரை நடத்தியது சுந்தரவல்லியும் தாமஸும்தான். சுந்தரவல்லியின் கணவர் முன்பே இறந்துவிட்டார். இரண்டு பையன்களும் வெளியூரில் படித்தார்கள்.

"கணக்கு என்கிட்ட, படம் அவுககிட்ட" என்றார் சுந்தரவல்லி. "காலக் காட்சிக்கு நானும் போயி உக்காந்துக்குவேன். சும்மா உக்காந்து உக்காந்தே மலையாளம் வந்திருச்சு எனக்கு."

எப்போது நொடிக்க ஆரம்பித்தது என்று கேட்டேன். பல ஊர்களில் இதற்கு வரும் பதில் எனக்கு மனப்பாடம்: தொலைக்காட்சி, திருட்டு விசிடி, செல்போன். இவர் அப்படி ஆரம்பிக்கவில்லை. கேரளத்தோடு அணைத் தகராறு நடந்ததே, அந்தக் குளிர்காலம் என்றார்.

அந்தச் சமயத்தில் எல்லையின் இரண்டு பக்கமும் அடிதடி நடந்ததும், போக்குவரத்து நின்றதும் செய்தி படித்தவர்களுக்கு நினைவிருக்கும். மேலே தமிழர் கடைகளை அடிக்கிறார்கள் என்று இங்கே செய்தி வரும், கீழே மலையாளிகள் கடைகளை அடிக்கிறார்கள் என்று அங்கே போகும். இரண்டும் ஓரளவு உண்மை. அப்படி ஒரு நாள் மதியம் தியேட்டர் வாசலில் கூட்டம் கூடியது. மலையாளப் படத்தை நிறுத்து, போஸ்டரைக் கழற்று என்றார்கள். சுந்தரவல்லி மடக்குக் கதவை இழுத்துப் பூட்டிவிட்டு அதற்கு வெளியே வந்து நின்றிருக்கிறார். போஸ்டரை அப்போதே கழற்றச் சொல்லிவிட்டார். கூட்டத்தில் பாதிப் பேர் தெரிந்த முகங்கள். அவர்களுடைய கோபத்துக்கும் காரணம் இல்லாமல் இல்லை, மேலே அடிபட்டவர்களில் சிலர் அவர்களுடைய அக்கா தங்கைகள் என்று அவரே சொன்னார்.

போஸ்டர் கழன்ற பிறகும் கூட்டம் போகவில்லை. மேனேஜரை வெளியே அனுப்பு என்றது.

தாமஸ், அவர் மனைவி, பள்ளிக்கூடம் படிக்கும் மகள் மூன்று பேரும் அப்போது டிக்கெட் கொடுக்கும் அறைக்குள் இருந்தார்கள். சுந்தரவல்லி நின்ற இடத்துக்கு நேர் பின்னால், பத்தடி தூரத்தில்.

"அந்தாள நேத்தே வேலைய விட்டு நிப்பாட்டிட்டேன்னு சொன்னேன்" என்றார். "மலையாளத்தான நம்பி தியேட்டர் நடத்துற நெலமைக்கு நான் வரலன்னு சத்தமாச் சொன்னேன். இன்னும் ஒண்ணு ரெண்டு வார்த்தையும் சொன்னேன். அதச் சொல்லலன்னா நம்பியிருக்க மாட்டாக."

அந்த ஒன்று இரண்டு வார்த்தை என்ன என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. தாமஸ் குடியிருந்த வீட்டுச் சாவியைக் கூட்டத்திடம் கொடுத்து, போய்ப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றிருக்கிறார். போய்ப் பார்த்தார்கள், வீடு காலி. போஸ்டர் ஒட்டும் கண்ணாடிப் பெட்டிகளை உடைத்துவிட்டுக் கலைந்தார்கள். அதற்குப் பிறகு பால் வண்டியில் ஏற்றி மூன்று பேரையும் பழனிசெட்டிபட்டியில் தன் நாத்தனார் வீட்டுக்கு அனுப்பினார். அங்கே இரண்டு வாரம் போல இருந்துவிட்டு, அவர்கள் மதுரை போய் ரயிலில் சுற்றிக்கொண்டு ஊர் போய்ச் சேர்ந்தார்கள்.

தாமஸ் குடும்பம் கம்பத்தை விட்டுப் போன அதே வாரம் மேலேயிருந்து தோட்டத் தொழிலாளர்கள் இறங்க ஆரம்பித்தார்கள். கம்பம்மெட்டுக் காட்டு வழியாக, பெண்களும் குழந்தைகளுமாக, கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு நடந்தே வந்தவர்கள். சுந்தரவல்லி தியேட்டரைத் திறந்துவிட்டார். நாற்காலி வரிசைகளுக்கு நடுவில் படுத்தார்கள், மேடையில் சமையல் சாமான். குழந்தைகள் அழுகிறதே என்று ஒருநாள் படம் போட்டிருக்கிறார். யாரும் பார்க்கவில்லை, படச் சத்தத்தில் எல்லோரும் தூங்கிவிட்டார்களாம்.

தகராறு அடங்கிச் சாலை திறந்தது. ஞாயிற்றுக்கிழமை ஜீப்புகள் மட்டும் பழையபடி வரவில்லை. மலையாளிகள் இறங்கவில்லை. இறங்கி வந்த தமிழர்களில் பல பேர் திரும்ப மேலே ஏறவே இல்லை, திருப்பூர் பக்கம் போய்விட்டார்கள். கொஞ்ச காலத்தில் தோட்டங்களில் வடமாநிலத்து ஆட்கள் வேலைக்கு வந்தார்கள். அவர்களை நம்பி ஒரு வாரம் இந்திப் படம் போட்டுப் பார்த்தார், முதல் இரண்டு வரிசைகூட நிறையவில்லை. புது மேனேஜர் வந்தார், போனார். தேனியில் குளிர்சாதனத் தியேட்டர்கள் வந்தன. நான் எதிர்பார்த்த செல்போனும் தொலைக்காட்சியும் கடைசியில் வந்து சேர்ந்துகொண்டன. கொரோனாவுக்கு மூடியதுதான், திறக்கவில்லை. மழையில் கூரை போயிற்று. விற்கச் சொல்லி யாரும் வற்புறுத்தவில்லை, நானாகத்தான் கையெழுத்துப் போட்டேன் என்றார்.

தாமஸ் இப்போது எங்கே என்றேன். குமுளியிலேயே இருப்பதாகவும், தேக்கடிக்கு வருகிறவர்களுக்கு வீட்டில் அறை வாடகைக்கு விடுவதாகவும் கேள்வி என்றார். குமுளி இங்கிருந்து இருபத்துச் சொச்சம் கிலோமீட்டர். இத்தனை வருடத்தில் ஒருமுறைகூடப் பேசவில்லையா?

"என்னன்னு பேசுறது? அந்த ரூமுக்குள்ள இருந்து அம்புட்டையும் கேட்டாக. கேட்டது அவுக மட்டுமா, பிள்ளையும்ல கேட்டுச்சு."

நான் மறுநாள் குமுளி போவதாக இருந்தேன், அவரைப் பார்க்கலாமா என்று கேட்டேன். வீட்டுக்குள் போய் ஒரு பை திராட்சையோடு வந்தார். "போறதா இருந்தா இதக் குடுத்துருத்தா. சுருளிப்பட்டித் தோட்டத்துப் பழம்னு சொல்லு" என்றார்.

சாயங்காலம் சுருளி அருவிப் பக்கம் போனேன். நகரப் பேருந்து, பெண்களுக்குக் கட்டணமில்லை. கூட்டம் அதிகமாக இருந்ததால் குளிக்காமல் திரும்பிவிட்டேன்.

ஞாயிறு காலை ஏழரைக்குக் குமுளி பேருந்து. கூடலூர் தாண்டி லோயர் கேம்ப்பில் மின் நிலையத்துக்கு இறங்கும் ராட்சதக் குழாய்களைப் பார்க்கலாம். அதற்கு மேல் மலைப்பாதை. ஒரு மணி நேரத்துக்குள் எல்லை. பேருந்து தமிழ்நாட்டுப் பக்கமே நின்றுவிடும், சோதனைச் சாவடியை நடந்து தாண்டினால் குமுளி. சாரல் விழுந்துகொண்டிருந்தது, குடை எடுத்துப் போகாதது என் தப்பு.

தாமஸைக் கண்டுபிடிப்பது சிரமமாக இல்லை. வைரமணி தாமஸ் என்று சொன்னதும் இரண்டாவது கடையிலேயே வழி சொன்னார்கள். கடைத்தெருவுக்குப் பின்னால் சரிவில் வீடு, மாடியில் வாடகைக்கு இரண்டு அறை. கதவைத் திறந்தவர் அவருடைய மகள் ஷீபா. நான் தட்டுத் தடுமாறி மலையாளத்தில் ஆரம்பித்ததும், "தமிழ்லயே பேசுங்கக்கா, நான் கம்பத்துல படிச்சவதான்" என்றார். அப்பாவும் மகளும்தான் அறைகளைப் பார்த்துக்கொள்கிறார்கள்.

தாமஸுக்கு எழுபது தாண்டிவிட்டது. உயரமான மனிதர், காது கொஞ்சம் மந்தம். நான் யார், எதற்கு வந்தேன் என்பதைச் சொல்லி, தியேட்டரை இடிக்கிறார்கள் என்பதையும் சொன்னேன். அவருக்குத் தெரிந்திருந்தது. திராட்சையைக் கொடுத்து, சுருளிப்பட்டித் தோட்டத்துப் பழம் என்று சொல்லச் சொன்னார்கள் என்றேன். பையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டவர், நாங்கள் பேசி முடிக்கும்வரை கீழே வைக்கவில்லை.

வாசலில் நடந்ததைச் சுற்றி வளைக்காமல் கேட்டேன். பயணி ஒருத்தி இதையெல்லாம் கேட்பது அதிகப்பிரசங்கித்தனம்தான். ஆனால் அவர் கோபித்துக்கொள்ளவில்லை.

"அம்மா சொன்னது செரி. வேற என்னா சொல்ல முடியும்? ஞான் அந்த எடத்துல நின்னாலும் அதுதான் சொல்லியிருப்பேன். அன்னைக்கு அம்மா வெளிய நிக்கலன்னா இந்த மோளு இன்னைக்கு இல்ல."

அப்படியானால் ஏன் திரும்பப் போகவில்லை?

போனேன் என்றார். எனக்கு முதலில் புரியவில்லை. சாலை திறந்து இரண்டு மாதம் கழித்து, வீட்டில்கூடச் சொல்லாமல் ஒருநாள் பேருந்து ஏறிக் கம்பம் போயிருக்கிறார். மறுபடி வேலையில் சேர்ந்துகொள்கிறேன் என்று சொல்வதற்காகத்தான். தியேட்டர் வாசலில் இறங்கி நிமிர்ந்து பார்த்தால், பெயர்ப் பலகையில் மலையாள எழுத்தை மட்டும் சுண்ணாம்பு பூசி மறைத்திருந்தார்கள். கொஞ்ச நேரம் எதிர்ச்சாரியில் நின்றார். பிறகு வரிசையில் நின்று டிக்கெட் எடுத்து உள்ளே போனார். தமிழ்ப் படம். இடைவேளை வரை பார்த்தார். கேன்டீனில் புது ஆள் இருந்தார், இவரைத் தெரியவில்லை. டீ குடித்துவிட்டு வெளியே வந்து குமுளி பேருந்து ஏறிவிட்டார்.

"கோபம் ஒண்ணும் இல்ல. எனக்கு அங்கன வேல முடிஞ்சுதுன்னு மனசிலாச்சு. மலையாளப் படத்துக்குன்னு வந்த ஆளுதான ஞான்."

ஷீபா கையில் தேநீர்த் தட்டோடு வாசல் நிலையில் நின்றிருந்தார். அப்பா அப்படிப் போய்வந்தது அவருக்கு அன்றைக்குத்தான் தெரிகிறது. தட்டை வைத்துவிட்டு, சுந்தரவல்லி அத்தை நன்றாக இருக்கிறாரா என்று மட்டும் என்னிடம் கேட்டார். அத்தை என்றுதான் சொன்னார். புறப்படும்போது தன் செல்போன் எண்ணை எழுதிக்கொள்ளச் சொன்னார்.

நான் ஞாயிறு மதியமே மதுரை போகும் பேருந்தைப் பிடிப்பதாக இருந்தேன். கம்பத்தில் இறங்கிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை என்பதால் இடிக்கும் வேலை இல்லை. சுந்தரவல்லி வீட்டில்தான் இருந்தார். தாமஸ் சொன்னதை அவர் சொன்ன வரிசையிலேயே சொன்னேன். வாசலில் பேசியது சரிதான் என்று சொன்னதைக் கேட்டுப் புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டார். திரும்பி வந்ததைச் சொல்லும்போது குறுக்கிட்டார்.

"டிக்கெட் எடுத்தா உள்ள போனாக?"

ஆமாம் என்றேன்.

"வரிசையில நின்னா?"

அதற்கும் ஆமாம் என்றேன். அவர் எழுந்து சன்னல் பக்கம் போனார். அங்கிருந்தே அந்தப் பெயர்ப் பலகையைப் பற்றிப் பேசினார். கண்ணாடிப் பெட்டியை உடைத்தவர்கள் மறுபடி வருவார்கள் என்று பயந்து மலையாள எழுத்தை மறைக்கச் சொன்னது அவர்தான். பெயிண்டர் பெயிண்டோடு வந்திருக்கிறார். "பெயிண்ட் அடிச்சா போகாது, சுண்ணாம்பு அடி, பின்னால கழுவிக்கிறலாம்னு நான்தான் சொன்னேன்" என்றார். "தாமஸ் அண்ணே வந்ததும் கழுவணும்னு இருந்தேன். அவுக வரல, நான் கழுவல."

வெளியே வந்து நானே போய்ப் பார்த்தேன். முந்தின நாள் கவனிக்கவில்லை. தமிழ் எழுத்துக்குக் கீழே சுண்ணாம்பு பல இடங்களில் உதிர்ந்திருந்தது. மழையே பாதியைக் கழுவியிருக்கிறது. மலையாளம் படிக்கத் தெரிந்தவர்கள் முழுப் பெயரையும் படித்துவிடலாம்.

வீட்டுக்குத் திரும்பி வந்து, ஷீபாவின் எண்ணைக் கூப்பிட்டுப் போனை சுந்தரவல்லியிடம் கொடுத்தேன். மறுமுனையில் தாமஸ் வரக் கொஞ்ச நேரம் ஆயிற்று. சுந்தரவல்லி மலையாளத்தில்தான் பேசினார், எனக்குப் பாதிதான் புரிந்தது. சுகமா என்று கேட்டார். மேரி சேச்சி எப்போது போனார்கள் என்று கேட்டார், தாமஸின் மனைவி இறந்தது அவருக்கு அப்போதுதான் தெரிகிறது. முழங்கால் வலியைப் பற்றி இரண்டு பேரும் நிறையப் பேசினார்கள். தியேட்டரைப் பற்றி ஒரு வார்த்தையும் வரவில்லை. கடைசியில் மட்டும் தமிழில், அடுத்த ஞாயிற்றுக்கிழமை பிள்ளையைக் கூட்டிக்கொண்டு சாப்பிட வாருங்கள் என்றார். அந்தப் பக்கம் என்ன பதில் வந்தது என்று தெரியவில்லை. போனை என்னிடம் கொடுத்துவிட்டு, மீன் கிடைக்குமா பார்க்க வேண்டும் என்று உள்ளே போனார்.

இனி, போக நினைப்பவர்களுக்குச் சில விஷயங்கள். மதுரையிலிருந்து கம்பத்துக்கும் குமுளிக்கும் நேர் பேருந்துகள் உண்டு. அவசரமில்லை என்றால் தேனியில் மாறுங்கள், உட்கார இடம் கிடைக்கும். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை காற்றும் சாரலும் இருக்கும், வெயில் தெரியாது. ஆனால் குமுளிக்குக் குடை இல்லாமல் போகாதீர்கள். திராட்சைத் தோட்டங்களில் கேட்டுவிட்டு உள்ளே போனால் யாரும் தடுக்க மாட்டார்கள், பறிக்காமல் இருந்தால் சரி. சனிக்கிழமை கம்பத்தில் தங்குங்கள், குமுளியில் அறை வாடகை வார இறுதியில் ஏறிவிடும். தாமஸ் வீட்டு அறைகளின் முகவரியைப் பின்னூட்டத்தில் கேட்காதீர்கள், அவர்கள் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

பழைய தியேட்டர்களைத் தேடிப் போகிறவர்களுக்கு ஒன்று. கட்டடத்தைப் படம் எடுத்துவிட்டு வந்துவிடாதீர்கள். ஒரு தியேட்டர் ஏன் போயிற்று என்பதற்கு ஊர் ஊருக்கு ஒரே காரணம்தான் என்று நானும் பல வருடமாக நினைத்துக்கொண்டிருந்தேன். கம்பத்தில் அப்படி இல்லை. பக்கத்தில் யார் இருக்கிறார்கள், அவர்கள் யாரிடம் பேசாமல் இருக்கிறார்கள் என்று கேட்டுப் பார்ப்பது நல்லது. கேட்டதற்குத் திட்டு வாங்கினாலும் பரவாயில்லை.

இதை எழுதி முடிக்கும் நேரத்தில் ஷீபாவிடமிருந்து ஒரு புகைப்படம் வந்தது. ஞாயிற்றுக்கிழமை தாமஸும் அவரும் கம்பம் போயிருக்கிறார்கள். வேலையைச் சீக்கிரம் முடிக்க வேண்டும் என்று ஜவுளிக்கடைக்காரர்கள் அந்த ஞாயிறும் ஆட்களை வரவழைத்து, திரைச் சுவரை அன்றைக்கே தள்ளிவிட்டார்கள். படத்தில் சுந்தரவல்லியும் தாமஸும் வாழை இலைக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறார்கள், இலையில் மீன் குழம்பு. சுவர் விழுந்ததைப் பார்த்தீர்களா என்று ஷீபாவிடம் கேட்டேன்.

"சத்தம் கேட்டுச்சுக்கா. அப்பா எந்திரிக்கப் பாத்தாக. சாப்பிட்டுட்டுப் போயி பாருங்கன்னு அத்த சொல்லிட்டாக. அப்பறம் பேச்சுல மறந்துட்டோம்."